கொரிய வினைச்சொற்களை அடுப்படியில் வைத்துப் பழகியது

கொரிய மொழியில் வினைச்சொல் அகராதியில் ஒரு மாதிரி இருக்கும், பேச்சில் இன்னொரு மாதிரி வரும். அகராதியில் எல்லா வினையும் '-தா' என்று முடியும். அந்தத் 'தா'வைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது பகுதி. அதன்மேல் காலம், மரியாதை, நிபந்தனை என்று விகுதிகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு போகலாம். தமிழ் பேசுகிற நமக்கு இந்த அமைப்பு கொஞ்சமும் அந்நியம் இல்லை.

சிக்கல் ஒட்டும் இடத்தில்தான். 'கேள்' என்பதற்கு அகராதியில் இருப்பது துத்-தா. 'கேட்கிறேன்' என்று சொல்லப் போனால் து-ரொ-யோ. நடுவில் இருந்த த் காணாமல் போய் ர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சரி, த்-தில் முடியும் பகுதிக்கெல்லாம் இதுதான் விதி என்று நினைத்தால், 'பெறு' என்ற பொருளில் வரும் பத்-தா அப்படி மாறுவதில்லை. அது பா-தா-யோ என்று த்-தை விடாமல் வைத்துக்கொள்கிறது. பகுதியை மட்டும் பார்த்து எது மாறும், எது மாறாது என்று சொல்ல வழியே இல்லை.

நான் பூசான் நகரத்தில் குடியிருக்கிறேன். கடைப் பலகைகளையும் அறிவிப்புகளையும் படித்துவிட முடிந்த பிறகும், பேசும்போது வினைச்சொல் வரும் இடத்தில் நாக்கு நின்றுவிடும். படிக்கும்போது வடிவம் கண்முன்னே இருக்கிறது. பேசும்போது அதை நாமே செய்ய வேண்டும். டோபிக் என்கிற கொரிய மொழித் தேர்வின் முதல் கட்டத்தில் கேட்டலும் வாசித்தலும் மட்டும்தான், எழுதும் பகுதி இல்லை. அதனால் வினையைத் தானாக உருவாக்கத் தெரியாமலேயே அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். இந்தப் பதிவு அதற்கு அடுத்த வேலையைப் பற்றியது.

முதலில் எழுத்துமுறை பற்றி ஒரு விளக்கம். கொரிய எழுத்தான ஹாங்குலைப் போடாமல் தமிழிலேயே எழுதுகிறேன், அசைகளை இடைக்கோடு போட்டுப் பிரிக்கிறேன். கொரியத்தில் இரண்டு ஒகரம், இரண்டு உகரம். உதட்டைக் குவித்துச் சொல்வதை ஓ, ஊ என்று நெடிலாகப் போட்டிருக்கிறேன். உதட்டைக் குவிக்காமல், வாயைத் திறந்து சொல்லும் ஒகரத்தைக் குறில் ஒ என்று எழுதுகிறேன். குறில் உ என்று எழுதியிருப்பது நம்முடைய குற்றியலுகரமேதான்: 'காசு', 'பந்து' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, அந்த ஒலி. க, த, ப மூன்றும் சொல்லின் முதலில் கடினமாகவும் இரண்டு உயிருக்கு நடுவில் மென்மையாகவும் ஒலிப்பது தமிழில் போலவே. மூச்சை ஊதிச் சொல்லும் ஒலிகளைத் தமிழில் காட்ட முடியாது. தேவைப்படும் இடத்தில் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பாடப்புத்தகங்கள் வழக்கமாக வகை பிரித்துத்தான் ஆரம்பிக்கின்றன. பியுப் (ப்) வகை, திகுத் (த்) வகை, சியொத் (ஸ்) வகை, 'ரு' வகை, ஹியுத் (ஹ்) வகை என்று பகுதியின் கடைசி எழுத்தின் பெயரில் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விதி. நானும் அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். விதிகளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சின் வேகத்தில் அது உதவாது. 'இது திகுத்தில் முடிகிறது, இது மாறும் வகையா மாறாத வகையா, மாறும் என்றால் எந்த விகுதிக்கு முன்னால்' என்று இரண்டு கேள்விக்குப் பதில் தேடி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். அதிலும் முதல் கேள்விக்கு விதியில் பதிலே கிடையாது. அந்தச் சொல்லைத் தெரிந்திருந்தால்தான் பதில் தெரியும்.

அதனால் வகைகளை ஒதுக்கிவிட்டு, விகுதியின் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கொரிய விகுதிகள் எத்தனை இருந்தாலும், பகுதியோடு ஒட்டும் விதத்தில் மூன்றே குடும்பம்தான். மெய்யில் தொடங்குபவை: '-கோ' அதற்கு நல்ல மாதிரி, நம்முடைய 'செய்துவிட்டு' போல. குற்றியலுகரத்தில் தொடங்குபவை: '-உ-ம்யொன்', அதாவது 'செய்தால்'. கடைசியாக ஆகாரத்திலோ ஒகரத்திலோ தொடங்குபவை: '-ஆ-யோ', '-ஒ-யோ'. பகுதியின் கடைசி உயிர் ஆ அல்லது ஓ என்றால் 'ஆ' ஒட்டும். மற்ற எதுவானாலும் 'ஒ'. இறந்தகாலம், 'அதனால்', 'செய்து கொடு' எல்லாம் இந்த மூன்றாவது குடும்பத்தில்தான் வருகின்றன.

ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று கட்டம் கிழித்தேன். ஒவ்வொரு வினைக்கும் மூன்று கட்டத்தையும் நிரப்ப வேண்டும், அகராதி வடிவத்தை எழுதக் கூடாது. இதுதான் வேலையின் ஒரே நிபந்தனை. துத்-தா என்ற சொல் அந்த நோட்டில் 'துத்-கோ, து-ரு-ம்யொன், து-ரொ-யோ' என்று மட்டுமே இருக்கிறது. கட்டங்களை நானாக யூகித்து நிரப்பவில்லை. சியோலில் இருக்கும் தேசியக் கொரிய மொழி நிறுவனம் ஒரு பேரகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் வினைச்சொல்லைத் தேடினால், பொருளுக்கு முன்பே அந்தச் சொல் எப்படித் திரியும் என்று போட்டிருப்பார்கள். துத்-தாவுக்கு து-ரொ, து-ரு-னி, துன்-நுன் என்று மூன்று வடிவம். கிட்டத்தட்ட என்னுடைய மூன்று கட்டம்தான் அது. அகராதி தொகுத்தவர்களே ஒரு வினையை அடையாளம் காட்ட இந்த மூன்றைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது, சரியான இடத்தைப் பிடித்துவிட்டோம் என்று தெம்பு வந்தது.

கட்டங்கள் நிரம்ப நிரம்ப ஒரு விஷயம் தெளிவானது. முதல் கட்டம் எதையும் காட்டிக்கொடுக்காது. கொரியத்தில் அசையின் கடைசியில் வரும் ஸ், ஜ், த் எல்லாம் காதுக்கு ஒரே த்-தாகத்தான் கேட்கும். பியுப், திகுத், சியொத் வகைகளில் மாற்றம் இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில் நடக்கிறது. 'ரு' வகையில் மூன்றாவதில் மட்டும். அகராதி வடிவத்தின் '-தா'வும் மெய்யில் தொடங்கும் விகுதிதான், ஆகவே அதுவும் முதல் கட்டத்தைச் சேர்ந்தது. எதுவும் தெரியாத பக்கத்தைத்தான் நாம் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

எந்தச் சொற்களை முதலில் எடுப்பது என்பதற்கு விடை அடுப்படியில் கிடைத்தது. கொரியச் சமையல் குறிப்பு ஒன்றை எடுத்து வினைகளுக்கு அடியில் கோடு போட்டுப் பார்த்தால், இலக்கணப் புத்தகத்தின் விதிவிலக்கு அத்தியாயம் அப்படியே அதில் இருக்கிறது. சோறு ஆக்குவது ஜித்-தா: ஜித்-கோ, ஜி-உ-ம்யொன், ஜி-ஒ-யோ. கிளறுவது ஜொத்-தா: ஜொத்-கோ, ஜொ-உ-ம்யொன், ஜொ-ஒ-யோ. சுடுவது கூப்-தா: கூப்-கோ, கூ-ஊ-ம்யொன், கூ-வொ-யோ. வெட்டுவது ஜா-ரு-தா: ஜா-ரு-கோ, ஜா-ரு-ம்யொன், ஜால்-லா-யோ. மீன்மேல் மசாலா தடவுவது பா-ரு-தா, அது பால்-லா-யோ. அழுத்துவது நூ-ரு-தா, அது நூல்-லொ-யோ. ருசி பார்க்கும்போதும் அப்படித்தான். காரம் மேப்-தா, மே-வொ-யோ. உப்புச் சப்பில்லாமல் இருந்தால் ஷிங்-கொப்-தா, ஷிங்-கொ-வொ-யோ. சூடு த்து-கொப்-தா, த்து-கொ-வொ-யோ.

எனவே பயிற்சியைச் சமையலோடு சேர்த்துக்கொண்டேன். கையில் எந்த வேலை நடக்கிறதோ அதை மூன்று வடிவத்திலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். கரண்டியைப் பிடித்துக்கொண்டு 'ஜொத்-கோ', குழம்பு கெட்டியாகும்போது 'ஜொ-உ-ம்யொன்', அடுப்பை அணைத்துவிட்டு 'ஜொ-ஒஸ்-ஸொ-யோ', அதாவது கிளறியாயிற்று. போன் மேசைமேல் ஒலிப்பதிவில் ஓடிக்கொண்டிருக்கும். சாப்பிட்ட பிறகு அதைக் கேட்டு, நோட்டோடு ஒப்பிட்டு, தடுமாறிய சொல்லுக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பேன். புள்ளி உள்ள சொல் அடுத்த சமையலில் கட்டாயம் வர வேண்டும். சுடுவது வர வேண்டுமென்றால் கானாங்கெளுத்தி வாங்கி வருவேன். பூசானில் அதற்குப் பஞ்சமில்லை.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது 'பூத்-தா' என்று கேட்கும் மூன்று சொற்கள். எழுத்தில் மூன்றும் வேறு, காதுக்கு மூன்றும் ஒன்று. தண்ணீர் ஊற்றுவது சியொத்தில் முடியும் பகுதி. நூடுல்ஸ் தண்ணீரில் ஊறிப் பெருத்துப் போவது திகுத்தில் முடியும் பகுதி. ஒட்டிக்கொள்வது, மூச்சை ஊதிச் சொல்லும் த-வில் முடியும் பகுதி. '-கோ' போட்டாலும் மூன்றும் பூத்-கோதான். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பிரிந்து நிற்கும்: ஊற்றினால் பூ-ஒ-யோ, ஊறிப்போனால் பூ-ரொ-யோ, ஒட்டினால் பூ-தொ-யோ (இந்தத் தொ-வை ஊதிச் சொல்ல வேண்டும்). ராம்யொன் பொட்டலத்தைப் பிரித்து வேகவைத்துவிட்டுப் போன் பேசப் போய்விட்டால் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் பயன்படுத்தலாம்: தண்ணீரை ஊற்றினேன், நூடுல்ஸ் ஊறிப் பெருத்தது, அடியில் ஒட்டியது. இன்னும் ஒரு படி போய்ச் சோறு அடிப்பிடித்தால் நூத்-தா. அதுவும் திகுத் வகை, நூ-ரொஸ்-ஸொ-யோ.

ஒரே வடிவில் இரண்டு பொருள் உள்ள வினைகளை எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதினேன். கூப்-தா என்றால் சுடுவது, வளைந்திருப்பதும் அதுவே. சுட்டால் கூ-வொ-யோ, முதுகு வளைந்திருந்தால் கூ-பொ-யோ. கொத்-தா என்றால் நடப்பது. கொடியில் காயும் துணியை எடுப்பதும் கொத்-தா. நடந்தால் கொ-ரொ-யோ, துணி எடுத்தால் கொ-தொ-யோ. மூத்-தா என்றால் வினவுவது, புதைப்பதும் அதுதான். வினவினால் மூ-ரொ-யோ, புதைத்தால் மூ-தொ-யோ. நம்மிடமும் இது இருக்கிறது. 'படி' என்ற ஒரே பகுதி, பாடம் என்றால் படித்தது, தூசி என்றால் படிந்தது. 'அடை' என்றால் ஊரை அடைந்தான், கதவை அடைத்தான். எந்த வகை என்று யோசித்துவிட்டு யாரும் 'படிந்தது' என்று சொல்வதில்லை. தூசியோடு சேர்த்துத்தான் அந்தச் சொல் நமக்குள் வந்திருக்கிறது. கொரிய வினையையும் அப்படியே ஒரு பொருளோடு கட்டித்தான் நோட்டில் எழுதினேன். கொ-தொ-யோ என்று தனியாக எழுதவில்லை, துணியோடு சேர்த்துத்தான்.

இங்கே தமிழ்க் காது கைகொடுக்கும் இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும். 'எழுது' என்பதற்கு ஸ்ஸு-தா. மூன்றாவது கட்டத்தில் ஸ்ஸொ-யோ. பகுதியின் கடைசியில் இருந்த உகரம் போய்விட்டது. 'வேலை மும்முரம்' என்பதற்கு பா-ப்பு-தா, அது பா-ப்பா-யோ. இதைப் பலரும் தனி விதியாகப் படித்துக் கஷ்டப்படுகிறார்கள். காசு, இல்லை என்ற இரண்டும் சேர்ந்தால் 'காசில்லை' ஆகிறதே, உயிர் வந்தால் குற்றியலுகரம் மெய்யை விட்டுவிட்டு ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுவேதான் இது. ஒலியும் அதே ஒலி. எழுதும்போது யோசிக்க வேண்டியதே இல்லை. ல்-லும் த்-தும் மாறி மாறி வருவதும் நமக்கு அதிர்ச்சி தராது. கேள் என்பது கேட்டேன் ஆகிறது, நில் என்பது நின்றேன் ஆகிறது, அதோடு வளர்ந்தவர்கள்தானே நாம். இதை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறது என்று சொல்லவில்லை. 1905லேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். மொழியியலாளர்கள் இன்று அந்த உறவை ஏற்பதில்லை. உறவு இல்லாமலேயே பழக்கம் உதவும். எனக்கு அது போதும்.

குற்றியலுகரம் ஓடும் விதிக்கு ஊறுகாய்ப் பானையில் ஒரு நல்ல சோதனை உண்டு. கிம்ச்சி போடுவது தாம்-கு-தா. உகரம் ஓடிவிட்டால் மிஞ்சுவது தாம்-கா. ஆனால் கொரியர்களே பலர் தாம்-க்வொ என்று சொல்கிறார்கள், எழுதவும் எழுதுகிறார்கள். கதவைப் பூட்டும் ஜாம்-கு-தாவுக்கும் இதே கதை. ஜாம்-கா என்பதுதான் சரி. கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்வது நல்ல வழிதான், ஆனால் நோட்டில் ஏறும் முன் அகராதியைப் பார்த்தே தீர வேண்டும் என்ற என் நிபந்தனைக்கு இந்தச் சொற்கள்தான் காரணம்.

பியுப் வகையைப் பழகும்போது ஒரு குறுக்குவழி தெரிந்தது. மாறும் சொற்களை மனப்பாடம் செய்யக் கூடாது, மாறாதவற்றைத்தான் செய்ய வேண்டும். பியுப்பில் முடியும் பண்புச் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே மாறுகின்றன: காரம், சூடு, குளிர், பாரம், கஷ்டம், சுலபம், அழகு, பக்கம் எல்லாம். மாறாதவை சிறு கூட்டம். உடுத்துவது (இப்-தா, இ-பொ-யோ), பிடிப்பது (ஜப்-தா, ஜா-பா-யோ), மெல்லுவது, பிடுங்குவது, மடிப்பது, முதுகில் சுமப்பது, பண்பில் 'குறுகலாக இருப்பது' (ஜோப்-தா, ஜோ-பா-யோ). இவற்றைத் தெரிந்துகொண்டால் மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். ஒரு சின்ன கூடுதல் மட்டும்: மாறும்போது எல்லாவற்றுக்கும் 'வொ' வரும், உதவுவது (தோப்-தா) 'தோ-வா-யோ' என்றும், 'நேர்த்தியாக இருப்பது' (கோப்-தா) 'கோ-வா-யோ' என்றும் இரண்டுக்கு மட்டும் 'வா'. பழைய புத்தகங்களில் 'பக்கம்' என்ற சொல்லுக்குக்கூட கா-க்கா-வா என்று அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். 1988ல் வெளியாகி 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எழுத்து விதிகள்தான் 'வா'வை இந்த இரண்டோடு நிறுத்தின.

திகுத் வகைக்கு இப்படிக் குறுக்குவழி கிடையாது. இரண்டு பக்கமும் சொற்கள் இருக்கின்றன; பழகத்தான் வேண்டும். பண்புச் சொற்கள் இந்த வகையில் வராது என்பது மட்டும் ஆறுதல்.

கீழ்வீட்டு ஹல்மொனிதான், அதாவது பாட்டிதான், இந்த வேலையின் அடுத்த கட்டத்துக்குக் காரணம். கோடையில் மாடிப்படியில் பார்த்தால் விசிறிக்கொண்டே 'தொ-பொ, தொ-பொ' என்பார். வெயில் தாங்கவில்லை என்கிறார், அது புரிகிறது. ஆனால் புத்தகத்தின்படி தொப்-தா என்பது தொ-வொ ஆக வேண்டும். மழை தூறினால் மேலே பார்த்து 'ப்பால்-லே கொ-தொ-ரா' என்று குரல் கொடுப்பார், துணியை எடு என்று. அது புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும். பனிக்காலத்தில் சூ-பொ, புத்தகத்தில் சூ-வொ. பியுப் வகையை மட்டும் அவர் மாற்றுவதே இல்லை.

தேடிப் பார்த்தால் கதை பழையது. செஜோங் மன்னர் 1446ல் புதிய எழுத்தை வெளியிட்டபோது, ப்-புக்கும் வ்-வுக்கும் இடைப்பட்ட, உதட்டோடு உதடு லேசாகப் பட்டும் படாமலும் வரும் ஓர் ஒலியைக் குறிக்கத் தனியாக ஒரு குறி இருந்தது: பியுப்பின் கீழே ஒரு வட்டம். இன்று 'மாறும்' பகுதிகளில் அன்று இருந்தது அந்த ஒலி. உடுத்துவது, பிடிப்பது போன்றவற்றில் இருந்தது சாதாரண ப். அந்த மெல்லிய ஒலி கொரியாவின் நடுப்பகுதிப் பேச்சில் வ்-வாகக் கரைந்து, அதுவே இன்றைய பொதுமொழி ஆயிற்று. குறியும் சில பத்தாண்டுகளிலேயே வழக்கொழிந்தது. தென்கிழக்கில், கியொங்சாங் வட்டாரத்தில், அது வ் ஆகாமல் ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பூசான் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. சியொத் வகைக்கும் இதே மாதிரி ஒரு கதை: அங்கே இருந்தது ஸகரத்தை அதிரச் சொல்லும் ஒலி, முக்கோண வடிவில் அதற்கும் தனி எழுத்து இருந்தது. அது பொதுமொழியில் தேய்ந்தே போனது. நோய் குணமாவது நத்-தா. பொதுமொழியில் நா-ஆ, இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் நா-ஸா.

ஒலி போன இடம் காலியாகவே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பயன்பட்டது. வழக்கமாகக் கொரியத்தில் இரண்டு உயிர் சந்தித்தால் கலந்துவிடும். 'முளை, தோன்று' என்று பொருள்படும் நா-தா, ஆ சேர்ந்ததும் நா-யோ என்று சுருங்கிவிடுகிறது. நத்-தாவோ நா-ஆ-யோ என்று இரண்டு ஆவையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. தோற்பது ஜி-தா, அது ஜ்யொ-யோ. சோறு ஆக்கும் ஜித்-தா, ஜி-ஒ-யோ. நடுவில் ஒரு மெய் இருந்ததாக நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லப் பழகிய பிறகு சியொத் வகையில் புள்ளி வைக்க வேண்டிய அவசியம் மிகவும் குறைந்துவிட்டது. து-ரு-ம்யொன் கதையும் இதே ரகம்தான். தூக்குவது துல்-தா, 'தூக்கினால்' துல்-ம்யொன், 'கேட்டால்' து-ரு-ம்யொன். ர் வந்த பிறகும் அந்தப் பகுதி தன்னை மெய்யில் முடியும் பகுதியாகவே நினைத்துக்கொண்டு உகரத்தைக் கேட்கிறது. நடப்பதும் தொங்கவிடுவதும் மூன்றாவது கட்டத்தில் கொ-ரொ-யோ என்று ஒன்றாகிவிடும். இரண்டாவது கட்டத்தில் கொ-ரு-ம்யொன், கொல்-ம்யொன் என்று பிரியும். மூன்று கட்டத்தையும் நிரப்பச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

ல்-லில் முடியும் பகுதிகளுக்கு மட்டும் நாலாவதாக ஒரு கட்டம் போட வேண்டி வந்தது. நறுக்குவது ஸ்ஸொல்-தா: ஸ்ஸொல்-கோ, ஸ்ஸொல்-ம்யொன், ஸ்ஸொ-ரொ-யோ என்று மூன்றிலும் ஒழுங்காக இருக்கிறது. ந, ஸ, ப் என்று தொடங்கும் விகுதி வந்தால் ல் விழுந்துவிடும்: ஸ்ஸொ-நுன், 'நறுக்குகிற'. தெரிந்துவைப்பது ஆல்-தா, 'தெரிந்த' ஆ-நுன். வாழ்வது ஸால்-தா, மரியாதை வடிவில் ஸாம்-னி-தா. ல்-லில் முடியும் எல்லாப் பகுதிக்கும் இப்படியே, விலக்கு இல்லை. ஒரு சமையல் குறிப்பை வாய்விட்டு வாசித்தால் போதும், வந்துவிடும்.

'ரு' வகையில் பெரும்பாலானவை ல்-லை இரட்டித்துக்கொள்ளும்: தெரியாது மோல்-லா-யோ, வேகம் ப்பால்-லா-யோ. இரட்டிக்காதவை மிகக் கொஞ்சம். அதில் ஒன்று கோப்பையில் ஊற்றுவது, த்தா-ரு-தா; அது த்தா-ரா-யோ. பாத்திரத்தில் ஊற்றும் பூ-ஒ-யோவையும் கோப்பையில் ஊற்றும் த்தா-ரா-யோவையும் ஒரே வேளையில் சொல்லிப் பழகலாம். போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருவது துல்-லு-தா, அது துல்-லொ-யோ. பணம் கட்டுவது சி-ரு-தா, அது சி-ரொ-யோ. இவை உகரத்தை மட்டும் விட்டுவிடும் சொற்கள், காசில்லை கணக்கில் சேர்ந்தவை.

நிறங்களை இன்னும் முடிக்கவில்லை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு எல்லாம் ஹியுத்தில் முடியும் பகுதிகள். மிளகாய்த் தூளைப் பார்த்து ப்பால்-கே-யோ என்று சொல்ல வருகிறது, 'சிவந்த' ப்பால்-கான் என்பதும் வருகிறது. மற்ற விகுதிகளில் இன்னும் தயக்கம் இருக்கிறது. இதே ஹியுத்தில் முடியும் 'நல்லது' (ஜோ-ஆ-யோ), 'உள்ளே போடுவது' (நொ-ஒ-யோ) இரண்டும் எழுத்தில் மாறாதவை. ஹகரம் காதில் கேட்காமல் போனாலும் எழுதும்போது இருக்க வேண்டும். பானைக்குள் போடும் நொ-ஒ, கிளறும் ஜொ-ஒ இரண்டும் காதுக்கு ஒரே அச்சு, எழுத்தில் ஒன்றில் மெய் உண்டு, மற்றதில் இல்லை. இந்த வகையில் வழக்கமும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. 'மஞ்சளாக இருக்கிறதே' என்று வியக்க முன்பு ஹியுத்தை விட்டு எழுதினால்தான் சரி. 2015 டிசம்பரில் தேசிய மொழி நிறுவனம் ஹியுத்தோடு எழுதுவதையும் ஏற்றுக்கொண்டது, மக்கள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதால். பழைய பயிற்சிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சமையல் பிடிக்காது என்றால் மருந்துக்கடைச் சொற்களில் ஆரம்பிக்கலாம். முகம் வீங்குவது, காயம் ஆறுவது, நடப்பது, படுப்பது, குளிர்வது எல்லாம் மாறும் வினைகள்தான். எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்து வினைகளாக இருக்கட்டும், கை செய்கிற வேலையாக இருக்கட்டும். அகர வரிசையில் எடுத்தால் நிற்காது.

நோட்டில் கடைசியாக ஏறியது சட்டியிலிருந்து சோற்றை அள்ளுவது, பூ-தா, பூ-வை ஊதிச் சொல்ல வேண்டும். பூ-கோ, பூ-ம்யொன், மூன்றாவது கட்டத்தில் ஊகாரமே போய்ப் பொ-யோ. ஊகாரத்தை இப்படித் தொலைக்கும் வினை கொரிய மொழியில் இது ஒன்றுதான். புத்தகங்கள் இந்த ஒரே சொல்லுக்கு ஒரு தனி வகைப்பெயரே வைத்திருக்கின்றன. அடுத்து '-உ-ஸே-யோ' என்ற மரியாதை விகுதிக்கு ஒரு பக்கம் கிழித்திருக்கிறேன். அது இரண்டாவது குடும்பம். நத்-தாவுக்கு நா-உ-ஸே-யோ, துத்-தாவுக்கு து-ரு-ஸே-யோ என்று எழுத ஆரம்பித்தாயிற்று. ஹல்மொனியிடம் பேச அதுதான் வேண்டும்.